தட்டுக்கு வராத சாப்பாடு

மார்ச் 10, திங்கள்

இல்லை, அம்மாவின் சர்க்கரைக்குச் சோறுதான் குற்றவாளி என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. டயட் வீடியோவில் வருகிறவர்கள் முடிவு செய்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

காலையிலேயே புழுக்கம். காற்று மணலி ஆலைகள் பக்கமிருந்து. கொடியில் கிடந்த துணியை உள்ளே எடுத்துப் போட்டேன்.

கண் ஆஸ்பத்திரி. அம்மாவின் இடது கண் புரைக்கு இரண்டாம் முறையாகத் தேதி தள்ளிப்போனது. சர்க்கரை அதிகம். "இறங்காம ஆபரேஷன் பண்ண மாட்டாங்கம்மா. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க," என்றார் சிஸ்டர்.

திரும்பும்போது அம்மா பஸ் நம்பரை என்னிடம் கேட்டாள். நான் இல்லாத நாட்களில் யாரிடம் கேட்கிறாள்? மீனில் முள்ளைக்கூட இப்போது கண்ணால் பார்ப்பதில்லை. விரலால் தேடுகிறாள்.

வீட்டு நிலவரம்:
நான் – பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரம் சாப்பாடு. காலை டிபன் கிடையாது.
அப்பா – துறைமுகத்தில் கிரேன். வாட்ஸப் சொன்னபடி தினை உப்புமா. பாதிதான் இறங்கும்.
தம்பி – வியாசர்பாடியில் பாக்ஸிங். எடை குறைய வேண்டும். முட்டை ஆறு, வெள்ளை மட்டும்.
அம்மா – மாத்திரை உண்டு, பட்டினி கூடாது: டாக்டர் உத்தரவு. சோறு கூடாது: என் உத்தரவு. கோதுமை ரவை, கீரை.

நான்கு பேருக்கு நான்கு சமையல். சமைப்பது அம்மா ஒருத்தி.

என் பட்டினி பற்றி அம்மா: "இதுக்கு இன்னாத்துக்குடி வீடியோ? தவக்காலத்துல நாங்க ஒருசந்தி இருக்குறத நீ இங்கிலீஸ்ல சொல்லிக்கினு கீற."

மார்ச் 12, புதன்

அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தேன். இறங்கவில்லை. ஏறியிருக்கிறது.

கோபம். "திருட்டுத்தனமா ஏதாவது சாப்பிடுறியா?" கேட்டேவிட்டேன்.

"நான் இன்னாத்த துன்னேன்? என் தட்டத்தான் தெனம் எட்டிப் பாத்துக்கினு கீறியே."

உண்மை. தட்டில் கோதுமை ரவைதான். மதியம் கல்லூரியில் பாடம் நடத்தும்போது பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் காத்திருந்தார்கள். அம்மாவை விசாரிக்கவா எம்.ஏ. படித்தேன்?

சோப்பு தீர்ந்துவிட்டது. வாங்க மறந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

கல்லூரி அரை நாள். பி.ப. 2.30க்கே வீடு. அந்த நேரத்தில் அம்மா மட்டும்தான் இருப்பாள்.

அடுப்படியில் நின்றபடி, பாத்திரத்திலிருந்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஒளிக்கவில்லை. "வந்துட்டியா?" என்றாள், வாய் நிறைய.

கேட்டுக் கேட்டு எழுதியது. இன்று ஒரு நாளில்:
வேண்டாமென்றும் எனக்கு வைத்து, நான் தொடாத இட்லி மூன்று
அப்பா வைத்துவிட்டுப் போன உப்புமா
மஞ்சள் கரு ஆறு, வெங்காயம் போட்டு வதக்கி
தம்பி சாப்பிட்டது போக அடிச்சோறு, குழம்புச் சட்டியில் போட்டுப் பிசைந்து

மஞ்சள் கருவால் சர்க்கரை ஏறாது. மற்ற மூன்றால் ஏறும்.

"ஏம்மா, அன்னிக்குக் கேட்டப்ப சொல்லலியே?"

"திருடித் துன்னியான்னு கேட்ட. நான் இன்னாத்த திருடுனேன்? இது சாப்பாடாடி? மிஞ்சினது. கொட்டச் சொல்றியா? கடலுக்குப் போறவன் வூட்ல பொறந்தவ நான்."

அம்மாவுக்குச் சாப்பாடு என்றால் தட்டு, உட்கார்வது. நின்றபடி வாயில் போட்டுக்கொள்வது வீட்டு வேலை, பாத்திரம் கழுவுவதில் முதல் பாதி. அவள் பொய் சொல்லவில்லை. நாங்கள் மூவரும் வேண்டாம் என்றதெல்லாம் ஒரே உடம்புக்குள் போயிருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் எல்லோரிடமும் சொன்னேன்.

தம்பி: "யம்மா! நான் வெள்ள துன்னேன்னு நீ மஞ்ச துன்னியா? நீயும் ரிங்ல எறங்கப் போறியா இன்னா?"

அப்பா சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "எனக்கு எவ்ளோ எறங்குமோ அவ்ளோ போடு. மிச்சம் வெச்சா என்னிய திட்டு," என்றார் அம்மாவிடம்.

இனி ஒரே சமையல். கீரையும் மீனும் அதிகம், சோறு எல்லோருக்கும் குறைவு. தம்பிக்கு முட்டை மூன்று, முழுசாக. என் பட்டினி ரத்து. அம்மா எங்களோடு உட்கார வேண்டும். அதற்குத்தான் அதிக எதிர்ப்பு. "நான் உக்காந்தா எவன் போடுவான்?" "நான் போடுறேன்," என்றான் தம்பி. போட்டான். பாதி தரையில்.

அந்த அறிவுரைகள் பொய் என்று எழுத மாட்டேன். என் சுடிதார் தளர்ந்தது உண்மை. ஆனால் சொல்கிறவர் வீட்டில் மிஞ்சியதை யார் சாப்பிடுகிறார்கள் என்று எந்த வீடியோவிலும் இல்லை.

நன்றி. கல்லூரி அரை நாள் விட்டதற்கு. புதன்கிழமை நான் கேட்டதை இப்போது அவள் சொல்லிக்காட்டாமல் இருப்பதற்கு. எதையும் கொட்டாத அந்தக் கையால்தான் நானும் தம்பியும் படித்தோம். அதற்கு எப்படி நன்றி சொல்வது, தெரியவில்லை.

மார்ச் 24, திங்கள்

ஆஸ்பத்திரி. சிஸ்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், டாக்டரிடம் கொண்டுபோனார், வந்தார். "பரவால்லியே, சர்க்கரை இறங்கியிருக்கு. வியாழக்கிழமை காலைல அட்மிட் ஆயிடுங்க."

அம்மா: "கண்ணு தெரிஞ்சா மொதல்ல இவ மூஞ்சியத்தான பாக்கணும். பரவால்லியா சிஸ்டர்?"

சிஸ்டர் சிரித்தார். நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். அழுவதைப் பார்த்தால் அதற்கும் ஏதாவது சொல்வாள்.

மதியம் நான்கு பேரும் வீட்டில். நான்கு தட்டு. சந்தோஷத்தில் அதிகம் போட்டுக்கொண்டேன், கடைசி இரண்டு வாய் இறங்கவில்லை. அம்மாவின் கை, பேச்சை நிறுத்தாமலே, என் தட்டுப் பக்கம் நீண்டது.

தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். சாப்பிட்டு முடித்தேன். கழுவி வைத்தேன்.