பர்சு மூடியில் காதரின் முழங்கால்

ஜூலை 8, செவ்வாய்

காலை 7.40. மும்பை மழை. இன்றைய லிஸ்டில் பதினாலு பேர்.

சுனாபட்டி ஸ்டேஷனில் தண்டவாளம் தெரியவில்லை, தண்ணீர்தான். ஷேர் ஆட்டோ பிடித்து, நனைந்த சாக்ஸோடு நான் டெக்னீஷியனாக இருக்கும் செம்பூர் ஸ்கேன் சென்டர். எம்ஆர்ஐ அறையில் ஏசி. கால் விறைத்தது.

ஒன்பதாவது பேஷண்ட் நம் காதர். தாராவியில் எங்கள் சந்து. இருபது வயது, டென்னிஸ் பால் மேட்சில் எனக்குப் பிடிக்காத ஒரே பௌலர். வலது முழங்கால் வலி போன வருஷத்திலிருந்து. பந்து போடும்போது விழுந்த சுளுக்கு என்று எல்லோரும் சொல்லி, அவனும் நம்பி, எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருந்தான். முட்டாள்.

மெஷினுக்குள்ளிருந்து மைக்கில்:

"லேய் கணேசு, எவம்ல உள்ள மேளம் அடிக்கான்?"

"அசையாத. அசைஞ்சா மறுபடி முதல்லேர்ந்து."

படம் வந்தது. முழங்காலுக்குக் கீழ் எலும்பின் உச்சியில், மூட்டை ஒட்டி, நெல்லிக்காய் அளவில் உருண்டையாக ஒன்று. அதைச் சுற்றி எலும்புக்குள் நீர் கோத்து, பாதி எலும்பு வரை வெள்ளை. அவனிடம், "எந்திரி, அடுத்த ஆள் நிக்காங்க" என்றேன். வேறு என்ன சொல்ல.

மதியம் வடாபாவ். ஆறியது.

ஜூலை 9, புதன்

மழை விட்டு விட்டு.

காதரை ஸ்கேனுக்கு அனுப்பிய கிளினிக் டாக்டர் படத்தைப் பார்த்து, பரவியிருக்கிறது, கேன்சராக இருக்கலாம், கால் தப்புமா என்று பார்க்க வேண்டும் என்று இந்தியில் சொல்லியிருக்கிறார். ரிப்போர்ட் வருவதற்கு முன்பே. காதரின் உம்மாவுக்கு அதில் புரிந்தது ஒரே சொல். சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார். நானும் அவரை உம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"உம்மா, அந்தாளு சுத்தி இருக்க தண்ணியப் பாத்துப் பயந்துட்டாரு. இது குருத்தெலும்புக் கட்டி மாதிரி தெரியுது. அதுல நல்ல வகையும் இருக்கு."

"குருத்தா?" முகம் வெளுத்துவிட்டது. "குருத்துன்னா வளருமேல."

பள்ளிக்கூடத் தமிழைக் கொண்டுபோய் அங்கே கொட்டியது என் தப்பு.

ஜூலை 10, வியாழன்

எங்கள் ரேடியாலஜிஸ்ட் மேடம் படத்தை வெகுநேரம் பார்த்தார். எலும்புக் கட்டிக்கு முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் எம்ஆர்ஐ; இதை எனக்கு நூறு முறை சொல்லியிருக்கிறார். காதரைக் கூப்பிட்டுப் புது எக்ஸ்ரே எடுத்தேன். உருண்டையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு, பென்சிலால் வரைந்ததுபோல்.

"புரானா எக்ஸ்ரே கிதர் ஹை?" என்றார் மேடம்.

போன வருஷம் விழுந்தபோது எடுத்த பழைய எக்ஸ்ரே இருந்தால் வளர்ந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். உம்மா கேட்ட அதே கேள்வி.

மாலை காதர் வாப்பாவின் தோல் பை பட்டறை. பசை நாற்றம், தையல் மெஷின் சத்தம். உம்மாவும் காதரும் அங்கேதான்.

"மாமா, காதர் விழுந்தப்ப எடுத்த எக்ஸ்ரே எங்க?"

அவர் ஆணியைப் பார்த்தார். ஆணியில் தோல் வெட்ட அளவு வைக்கும் பேட்டர்ன்கள் தொங்கின. மூன்று மட்டும் நீலக் கறுப்பு.

"நல்ல கெட்டி ஃபிலிம்லா. சுருளாது. தோல்ல வச்சா அடியில உள்ள கீறலும் தெரியும்..."

எக்ஸ்ரேயை வெட்டி, லேடீஸ் பர்சு மூடிக்கு ஒன்று, கைப்பிடி வாருக்கு இரண்டு. மூன்று துண்டாக என் நண்பன்.

"பிள்ள கால வெட்டி பர்சு மூடி ஆக்கிட்டேரே, மனுசா," என்றார் உம்மா.

"சுளுக்குன்னுல்லா டாக்டரே சொன்னாரு அப்ப."

காதர் மட்டும் சிரித்தான். "லேய், என் முட்டிய எத்தன பொம்பளைங்க தோள்ல போட்டுட்டுப் போறாங்களோ."

விளக்கில் பிடித்துப் பார்த்தேன். பட்டன் ஓட்டை தொடை எலும்பில். எங்களுக்கு வேண்டிய இடம் பர்சு மூடியின் நடுவில், முழுசாக.

ஜூலை 11, வெள்ளி

வெயில். நம்ப முடியவில்லை.

மேடம் பர்சு மூடியை லைட் பாக்ஸில் வைத்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, இரண்டு படத்திலும் எலும்பின் அகலத்தோடு உருண்டையை ஒப்பிட்டு அளந்தார். அதே அளவு. அதே கோடு.

"படா நஹீ." வளரவில்லை.

சிடி ஸ்கேனும் எடுத்தோம். உள்ளே ரவை தூவியதுபோல் சுண்ணாம்புப் புள்ளிகள். காண்ட்ரோபிளாஸ்டோமாவாகத்தான் இருக்கும் என்றார். அபூர்வமான குருத்தெலும்புக் கட்டி. இந்த வயதில், எலும்பின் நுனியில் வரும். சுற்றிலும் நீர் கோத்துப் பார்ப்பவரை மிரட்டும். கேன்சர் இல்லை. ஆனால் பயாப்ஸி வந்த பிறகுதான் உறுதி.

உம்மாவுக்கு போன். விளக்கம் எதுவும் வைக்கவில்லை.

"வளரல உம்மா. டெஸ்ட் ஒண்ணு பாக்கி இருக்கு. ஆனா வளரல."

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தத்துக்கு மேல் உம்மா:

"சாப்ட்டியால?"

ஜூலை 25, வெள்ளி

பயாப்ஸி ரிசல்ட். மேடம் சொன்னதேதான். ரிப்போர்ட்டை நானே மூன்று தடவை படித்தேன், எனக்குப் புரியாதது போல. ஆபரேஷனில் கட்டியைச் சுரண்டி எடுத்து, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்துக் குழியை அடைப்பார்கள். கால் காலாகவே இருக்கும்.

காதர்: "எவ்ளோ எலும்பு வேணும்னு வாப்பாட்ட சொல்லு. பேட்டர்ன் போட்டுத் தருவாரு."

வாப்பா: "அது இருக்கட்டும். அந்த மூடிய எப்பம்ல தருவ? ஆர்டர் நிக்கி."

உம்மா எல்லார் வாயிலும் சேமியா திணித்தார். எனக்கு இரண்டு கிண்ணம். சட்டையெல்லாம் நெய்.

இனி செய்ய வேண்டியது:

1. ஆபரேஷன் அன்றைக்கு லீவ். நாளைக்கே கேட்க. தராவிட்டாலும் போக.
2. வாப்பாவுக்கு பேட்டர்ன் வெட்ட தாதரில் கெட்டி பிளாஸ்டிக் ஷீட் வாங்க. பர்சு மூடி மேடம் அலமாரியை விட்டு வராது.
3. திரும்ப வருகிறதா என்று பார்க்க வருஷா வருஷம் எக்ஸ்ரே. ஃபிலிம் பட்டறைப் பக்கமே போகக் கூடாது.
4. குருத்து என்ற சொல்லை உம்மா முன்னால் எடுக்கக் கூடாது. தென்னை மரத்தைப் பற்றிப் பேசினாலும்.
5. காதர் திரும்ப வந்து போடும் முதல் பந்துக்கு நான் பேட் பிடிக்க. பாவம் பார்க்காமல் சிக்ஸர்.