மைக் இல்லாத பாட்டு

ஒஸ்லோ
9.11.2003

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? நான் நல்ல சுகம். குளிருக்குப் பயந்து தொண்டையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு திரிகிறேன்.

போன சனிக்கிழமை இங்கே ஹவுகெட்டோ என்ற இடத்தில் எங்கள் ஆட்களின் கலைவிழா. ஊரில் கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் கேட்டு நான் வழமையாகப் பேசுவேன். பேச்சு என்றதும் சனம் ரோல்ஸ் சாப்பிட எழும்பிவிடும். அதனால் இம்முறை முதலில் ஒப்பெரா பாடினேன். அதை வெறும் குரலில்தான் பாடுவது என்று சொல்லியும் ஒலிபெருக்கி பார்க்கிற குலேந்திரன் அண்ணை விடவில்லை.

"மைக் தராமல் விட்டால் எங்களுக்கெல்லோ மரியாதை இல்லை, தங்கச்சி" என்று வாயருகே கொண்டுவந்து வைத்தார்.

நான் உச்சத்துக்குப் போனதும் ஸ்பீக்கர் 'டப்' என்று செத்துப்போனது! நிறுத்தாமல் பாடி முடித்து, மைக் இல்லாமலே பேசத் தொடங்கினேன். சனம் எழும்பியது, ஆனால் சாப்பிட அல்ல. கேட்காதோ என்று கதிரைகளை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். ரோல்ஸ் ஆறியே போனது.

முடிவில் ஒரு மாமி என் கையைப் பிடித்தா. "பாவம் பிள்ளை, மைக் பழுதானதாலை எவ்வளவு கத்த வேண்டி வந்திட்டுது!"

யாராவது இங்கே வந்தால், தொண்டைக்குக் கசாயம் வைக்க வேர்க்கொம்பும் நீங்கள் வறுத்த மல்லியும் கொடுத்துவிடுங்கள். இங்கே வாங்குவதில் வாசமே இல்லை.

ஒப்பெரா ஒத்திகைக்கு ஓட வேண்டும். போனில் எப்போதும் "சத்தமாக் கதை பிள்ளை, கேக்கேல்லை" என்கிறீர்கள். லைன் பழுதில்லை, அம்மா. உங்கள் குரலைக் கேட்டதும் எனக்குத்தான் சத்தம் வருவதில்லை.

உங்கள் மகள்
சுகிர்தா