சொம்பில் இருந்த இலை

மேனாம்பேடு,
செவ்வாய்க்கிழமை மாலை.

அன்பு மகள் பவ்யாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் தெரிய வேண்டியதை முதலில் எழுதிவிடுகிறேன். உன் மாமனாருக்கு நாக்கிலும் தொண்டையிலும் இருந்த வீக்கம் முழுவதும் வடிந்துவிட்டது. இன்று காலை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு என் முன்னாலேயே சொன்னது இது. வெளியே வந்து கேன்டீனில் இட்லி சாப்பிட்டார், காரச் சட்னியைத் தொட்டுக்கொண்டார், நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்த மட்டில் நீ நிம்மதியாக இருக்கலாம். நிம்மதி இல்லாத இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை எழுதுவதற்கு முன் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போனில் நீ, நான்தானே வெட்டச் சொன்னேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய்.

நீ வானகரம் நர்சரியில் வாங்கி, போகும்போது எங்களிடம் விட்டுப்போன மணி பிளான்ட் ஆடி மாதம் வரைக்கும் பச்சையும் வெள்ளையும் கலந்த இலைகளோடு நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து மனையில் கட்டுகிற அடுக்குமாடி நம் மாடியைத் தாண்டி எழும்பியதும் ஹால் ஜன்னலுக்குக் காலை வெயில் நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்த இலைகளில் வெள்ளையே இல்லை, முழுப் பச்சை. இலையின் வெள்ளைப் பகுதி உணவு தயாரிக்காது, வெளிச்சம் குறைந்தால் செடி பச்சையைத்தான் வளர்க்கும், அந்தப் பச்சைத் தண்டுகளை வெட்டாவிட்டால் கடைசியில் செடி முழுக்கப் பச்சையாகிவிடும் என்று நீ அம்மாவுக்கு விளக்கினாய். அம்மாவும் உன் பேச்சைத் தட்டவில்லை. விரலை மண்ணில் விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் கூடாது, தொட்டியைச் சமையலறை ஜன்னலுக்கு மாற்று, எல்லாம் செய்தாள். கொடி கீழே தொங்கினால் வீட்டுக்கு ஆகாது என்று கம்பளி நூலால் மேலே இழுத்துக் கட்டுவதை மட்டும் விடவில்லை. வெட்டிய பச்சைத் தண்டுகளைக் கணு முங்கும்படி தண்ணீரில் வைத்தால் வேர் விடும் என்று நீ சொன்னதால் ஒரு பாட்டிலில் வைத்தாள், அது சரிந்து சரிந்து விழுந்தது. அதனால் பித்தளைச் சொம்பில் மாற்றி, வெயில் படாமல் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் வைத்தாள். சொம்புத் தண்ணீரில் காம்பு, மேலே இளசாகப் பளபளவென்று பச்சை இலை. அதைப் பார்த்தால் என்ன நினைக்கத் தோன்றும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாளும் தோன்றவில்லை.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி மாங்காடு கோயிலுக்குப் போய்விட்டு நேராக இங்கே சாப்பிட வந்தார். அம்மா வத்தக்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டு எழுந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்து வெற்றிலை தீர்ந்துவிட்டது என்றார், நான் வாங்கி வருகிறேன் என்று கீழே முனைக் கடைக்கு இறங்கினேன். அந்த நேரத்தில் மேஜையில் சொம்பைப் பார்த்திருக்கிறார். தனக்காக வாங்கித் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறார்கள், அது தெரியாமல்தான் நான் கடைக்கு ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். கண்புரைக்கு இன்னும் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை என்பது உனக்குத் தெரியும். இரண்டு இலையைக் கிள்ளி வேட்டியில் துடைத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்துப் போட்டுக்கொண்டார். வாயில் போட்டதுமே குத்தியிருக்கிறது. அப்போதே துப்பியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. ஏன் துப்பவில்லை என்று பிறகு கேட்டதற்கு அவர் சொன்னது இது: சம்மந்தி ஊட்டு வெத்தல, அந்தம்மா ஆசையா சொம்புல போட்டு வெச்சிக்கீது, துப்புனா இன்னா நெனைக்கும்னு மென்னுகினே இருந்தேன். நான் வெற்றிலைப் பொட்டலத்தோடு திரும்பியபோது வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றார். எச்சில் வடிகிறது, நாக்கு தடித்துப் பேச்சு வரவில்லை, கை மட்டும் சொம்பைக் காட்டுகிறது. உள்ளே பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்து சொம்பைப் பார்த்ததும்தான் எங்களுக்கு விஷயம் புரிந்தது.

ஆட்டோ பிடித்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சொம்பிலிருந்த தண்டு ஒன்றையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன், டாக்டரம்மா அதைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். இந்த இலையில் கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி உப்புத் துகள்கள் இருக்கும், மெல்லும்போது அவை குத்தித்தான் வீங்குகிறது, பெரும்பாலும் தானாக வடிந்துவிடும், மூச்சு மட்டும் தடைபடாமல் பார்க்க வேண்டும் என்றார். உன் நாத்தனார் சுதா வந்தாள். என்னிடம் பேசவில்லை, அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள். ஏன் அத்தே, எங்கப்பா ஆவடி பாக்டரில டாங்கிக்கு அடியில படுத்து வேல பாத்தவரு, அப்பல்லாம் ஒண்ணும் ஆவல, உங்க ஊட்டு எல ஒண்ணு சாச்சிடுச்சே, அழகுக்கு வெக்கிற செடிய அடுக்களையில வெச்சா இன்னா பண்ணுவாங்க, என்றாள். அந்தப் பெண் பயத்தில் பேசினாள் என்று நான் எடுத்துக்கொண்டேன், நீயும் அப்படியே எடுத்துக்கொள், அவளுக்குப் போன் செய்து எதுவும் கேட்காதே.

இனி, போனில் நான் சொல்லாமல் விட்டது. வீக்கத்தைப் பார்க்க விளக்கடித்தபோதே டாக்டரம்மா இடது கன்னத்தின் உள்பக்கம், அவர் புகையிலையை அடக்கி வைக்கிற இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டைக் கண்டார். அது இந்த இலையால் வந்தது அல்ல, பல நாளாக இருந்திருக்கிறது என்று தெளிவாகச் சொன்னார். வீக்கம் கொஞ்சம் தணிந்ததும் போன வெள்ளிக்கிழமை மரக்க ஊசி போட்டு அதிலிருந்து துளி வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். புற்றா என்று நேராகவே கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், புகையிலை போடுகிற பலருக்கு இந்த மாதிரி வெள்ளை வரும், சிலருக்குத்தான் அது மாறும், ரிப்போர்ட் இல்லாமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். இவ்வளவுதான் தெரியும். இதற்கு மேல் யாராவது உனக்குப் போனில் எதையாவது சொன்னால் அது ஊகம்.

பையனிடம் சொல்ல வேண்டாம் என்று சம்பந்தி முதலில் பிடிவாதமாக இருந்தார். புது வேலை, லீவு போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான் என்றார். மறைத்தால் பிறகு அவன் உங்களையும் மன்னிக்க மாட்டான், எங்களையும் மன்னிக்க மாட்டான் என்றேன். அதற்கு அவர், அப்ப மருமவ கிட்ட எழுதுங்க சம்மந்தி, அது நெதானமான பொண்ணு, எப்போ சொல்லணுமோ அப்போ அவன் கிட்ட சொல்லிக்கும் என்றார். அதனால்தான் இந்தக் கடிதத்தை, தபாலில் போனால் நாளாகும் என்று போட்டோ எடுத்து, உன் போனுக்கு மட்டும் அனுப்புகிறேன். மாப்பிள்ளையிடம் எப்போது சொல்வது என்பதை உன்னிடமே விடுகிறேன். என் எண்ணம், ரிப்போர்ட் வருவதற்கு முன்பே சொல்லிவிடு, வந்த பிறகு சொன்னால் இரண்டையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கும். வெட்டச் சொன்னது நீ, சொம்பில் வைத்தது அம்மா, கடைக்குப் போனது நான், துப்பாமல் மென்றது அவர். இதில் ஒருவரும் கெடுதல் நினைக்கவில்லை. இந்த வாக்கியத்தை நீ அம்மாவிடம் ஒரு முறை போனில் சொன்னால் நல்லது, நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள், ராத்திரி சாப்பிடுவதும் இல்லை.

அம்மா செடியைத் தூக்கி எறியப் போனாள். இன்று டாக்டரிடமிருந்து திரும்பும் வழியில் நம் வீட்டுக்கு வந்த சம்பந்தி, தொட்டி வாசலில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, இத்த ஏன்மா வெளிய போட்டீங்க, அந்த எல எரியலன்னா எவன் என் வாயத் தொறந்து பாத்திருப்பான், உள்ள வையுங்க என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்து வைத்தாள், ஆனால் சமையலறையில் அல்ல, என் படுக்கையறை ஜன்னலில். அங்கே மதியத்துக்குப் பிறகுதான் வெளிச்சம் வருகிறது, அது போதுமா என்று எழுது. சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அதிலிருந்த தண்டுகளில் வேர் விட்டிருந்தது, அவற்றை என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை எனக்கும் தெரியவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக, ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். உன் வீட்டிலும் இந்தச் செடி வைத்திருப்பதாகச் சொன்னாய், வருகிற போகிறவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் வை, மறக்காதே. சம்பந்தி அன்றிலிருந்து வெற்றிலைப் பெட்டியைத் திறக்கவில்லை, சுதா அதை வாங்கி வைத்துக்கொண்டாள். ரிப்போர்ட் வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். சுதாவும் அம்மாவும் சேர்ந்து போய் வாங்குவதாகப் பேசிக்கொண்டார்கள். சுதாதான் அம்மாவைக் கூப்பிட்டாள்.

உன் அன்பு அப்பா,
சுப்பராயன்