தண்ணிக் குடம் தூக்கியது நான்தான், மச்சாள்

மச்சாள்,

நெத்தலிக் கருவாடு சுற்றி வந்த பேப்பரில் உன்னுடைய புரபெசர் ஐயா இருந்தார். ஒட்டுசுட்டான் கடையில் வாங்கி வந்து குசினியில் அவிழ்த்தேன். முதலில் மணம் வந்தது, பிறகு மனிதர் வந்தார். கழுத்தில் மாலை, கையில் பதக்கம், மூக்கின் மேல் ஒரு நெத்தலித் தலை. நீ இருந்திருந்தால், "அதைத் தட்டிப் போடாதை, இப்பதான் ஐயா வடிவாய் இருக்கிறார்" என்று சொல்லியிருப்பாய்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால் திரிந்தேன். ஆனாலும் உலையை இறக்கி வைத்துவிட்டு, விரலை வைத்து எழுத்தெழுத்தாய் அந்தப் பக்கம் முழுவதையும் வாசித்து முடித்தேன். மரம் செடி கொடிகளை ஆராய்வதிலேயே ஆயுளைக் கழித்தவராம். அதற்காகப் பெரிய கௌரவம் கொடுத்திருக்கிறார்களாம். எத்தனையோ புத்தகம் எழுதினாராம், கடல் கடந்து போய்ப் பேசினாராம். இருக்கட்டும். அதில் எனக்கு ஒரு எரிச்சலும் இல்லை. பிறகுதான் நம்முடைய காடு வந்தது.

"யானைக்கும் கரடிக்கும் அஞ்சாது வன்னிப் பெருங்காட்டில் தன்னந்தனியே நடந்து, அறிவுலகம் அதுவரை அறியாத மரமொன்றைக் கண்டறிந்தார்."

தன்னந்தனியே! முன்னால் கத்தியோடு என் அண்ணர், அதாவது உன் புருஷன். நடுவில் தொப்பியோடு ஐயா. அவருக்குப் பின்னால் நீ. கடைசியில் இடுப்பில் குடத்தோடு நான். நாலு பேர் வரிசையாய் நடந்தால் அதற்குப் பேர் தனிமையா? அப்படியென்றால் என் வீட்டில் ஒவ்வொரு நாளும் தனிமைதான்.

கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. "வழியில் கிராமத்துப் பெண்ணொருத்தி தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்து உதவியதை இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார்." அதை வாசித்ததும் எனக்கு உச்சியில் அடித்தது போல இருந்தது. ஏனென்றால் அது நானடி. அந்த நாலு பேரில் காட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத ஆள் நான் ஒருத்திதான். என்னைப் பேப்பரில் போட்டிருக்கிறார்கள். உன்னைப் போடவில்லை.

அவர் முதன்முதல் வந்த அந்தப் பங்குனி உனக்கு நினைவிருக்கும். காடு காட்ட ஆள் வேண்டுமென்று விசாரித்தபோது ஊரே அண்ணரைக் கைகாட்டியது. ஆம்பிளை, கத்தி வைத்திருக்கிறார், குரலும் பெரிது. அண்ணருக்குத் தெரிந்தது இரண்டே மரம்: வெட்டலாம் என்ற மரம், வெட்டினால் பிடிப்பார்கள் என்ற மரம். ஐயா எதைக் காட்டிக் கேட்டாலும், "அது ஒரு காட்டு மரம் ஐயா" என்பார். பின்னால் நின்று நீதான் மெதுவாய்ச் சொல்லுவாய்: "இது பனிச்சை. அது வீரை. இதின்ர பட்டை வயித்துக்குத்துக்கு அவிச்சுக் குடிக்கிறது." இரண்டாம் நாளே ஐயா அண்ணரிடம் கேட்பதை விட்டுவிட்டார். ஆனால் நாள் கூலி அண்ணர் கையில்தான் போனது. அதையும் நான் மறக்கவில்லை.

அவர் வந்த மூன்றாவது பங்குனியில், காட்டுப்பாதை தொடங்கும் இடத்து ஐயனார் மரத்தடியில்தான் அந்தக் கூத்து நடந்தது. காட்டுக்குள் போகிறவர்கள் எல்லாரும் ஒரு குழை முறித்து அங்கே கட்டிவிட்டுத்தானே போவார்கள். ஐயா அந்தக் குழைகளுக்குள் ஒன்றைக் கண்டார். இலையின் அடிப்பக்கம் செம்பு நிறம். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார், மணந்து பார்த்தார். இப்படி ஒன்றைத் தன் வாழ்க்கையில் கண்டதில்லை என்றார். அந்த மரம் பக்கத்தில்தான் எங்கேயோ நிற்க வேண்டும் என்று மூன்று நாள் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றித் தேடினார். அண்ணரும், "ஓம் ஐயா, இஞ்சதான் நிண்டது, போன மாரியில கண்டனான்" என்று புழுகிக்கொண்டே முன்னால் பற்றை வெட்டினார். நான் குடத்தை இடுப்பு மாற்றி மாற்றிக் கொண்டு பின்னால் அலைந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் நீ கல்லில் குந்திவிட்டாய்.

"ஐயா, கோவிக்கக்கூடாது. உந்தக் குழை இஞ்ச முளைச்சதில்லை."

"அப்ப?"

"நடந்து வாற சனம் வழியிலயே முறிச்சுப்போடும். ஈ கலைச்சுக்கொண்டு வந்து இஞ்ச கட்டும். காம்பைப் பாருங்கோ, கை பிடிச்ச இடம் கறுத்துக் கிடக்கு. கனதூரம் கொண்டு வந்திருக்கினம்."

"எந்தப் பக்கத்திலயிருந்து எண்டு எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"எங்கட ஆக்கள் கொடியாலதான் கட்டுவினம். இது பனையோலை ஈர்க்கைக் கிழிச்சுக் கட்டியிருக்கு. பனை நிக்கிற பக்கம் எண்டால் உடையார்கட்டுப் பக்கம்."

அண்ணர் அப்போது பார்த்த பார்வை! நான் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணியைக் குடிப்பது போல வாயில் விட்டுப் புரைக்கேறிச் செத்தேன்.

அடுத்த நாள் ஜீப்பில் உடையார்கட்டுப் பக்கம் போனோம். ஆளாளுக்கு ஒரு பக்கம் பார்த்தோம். வெயில் ஏறுவதற்கு முன்பே ஓடைக்கரையில் நீ போய் நின்றுவிட்டாய். அந்தச் செம்பு இலை மரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாய். ஐயா தொப்பியைக் கழற்றிவிட்டு வெறும் நிலத்தில் இருந்துவிட்டார். அவர் கண் கலங்கியதை நானும் கண்டேன். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

"பிள்ளை, இந்த மரத்துக்கு நான் உன்ர பேரைத்தான் வைக்கப்போறன். உலகம் இருக்கிறவரைக்கும் புத்தகத்தில இருக்கும்."

"விடுங்கோ ஐயா, மரத்துக்கு என்னத்துக்கு என்ர பேர்" என்று அவருக்குச் சொன்னாய். ஆனால் வீட்டுப் படலையைத் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "எடியே, அவையின்ர பாஷையில என்ர பேர் எப்பிடி வரும்?"

"பூசையில பாதர் லத்தீன் சொல்லுற மாதிரி, கடைசியில ஒரு இழுவை இழுத்து வரும்" என்றேன். அன்று முதல் உன்னை நான் "மரம்" என்றுதான் கூப்பிட்டேன். ஏய் மரம், அரிசி இருக்கோ. ஏய் மரம், பிள்ளை அழுகுது. நீயும் ஓம் என்று திரும்புவாய்.

பிறகு காத்திருந்தாய். சைக்கிளில் தபால்காரன் வந்தால் வேலியடியில் ஏதோ வேலை உனக்கு இருக்கும். நான் பகிடிக்காரி என்று ஊருக்கே தெரியும். ஒருநாள், "மச்சாள், புத்தகம் வந்திருக்கு!" என்று கத்தினேன். மாவில் இருந்த கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாய். பகிடி என்று தெரிந்ததும் நன்றாகச் சிரித்தாய், எனக்கு மாவால் எறிந்தாய். அடுத்த வருடம் அதே பகிடியை மறுபடியும் விட்டேன். அப்போதும் ஓடி வந்தாய். ஆனால் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் உன்னை மரம் என்று கூப்பிடவில்லை.

காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களிலும், தபால் வந்ததோ என்று கேட்டாய். பிள்ளைகள் சாப்பிட்டார்களோ என்று கேட்டாய். இரண்டையும் ஒரே குரலில்தான் கேட்டாய். நீ போய் இந்த மாசியோடு மூன்று வருடம்.

அதனால்தான், ஐயாவுக்கு முல்லைத்தீவுப் பள்ளிக்கூடமொன்றில் பாராட்டுக் கூட்டம் என்று பஸ் கொண்டக்ரர் சொன்னபோது, நல்ல சீலையை உடுத்திக்கொண்டு வெளிக்கிட்டேன். அண்ணர் வரவில்லை. "ஏன் இந்த விசர் வேலை, பெரிய மனிசரோட என்ன கதை உனக்கு" என்றார். பெரிய மனிதரை நிலத்தில் இருக்கக் கண்டவள் நான், எனக்கென்ன பயம்?

கூட்டம் தொடங்குவதற்கு முன்பே பிடித்துக்கொண்டேன். மரநிழலில் கதிரை போட்டு இருந்தார். தலை பஞ்சாய் நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார்.

"தண்ணிக் குடம்!" என்றார்.

"ஓம் ஐயா, குடம்தான். கழுத்து மட்டும் கொஞ்சம் பெருத்துப் போச்சு." சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். "ஐயா, அந்த மரத்துக்குக் கடைசியில ஆரின்ர பேரை வைச்சனீங்கள்?"

அவருடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கியது. பயணத்துக்குச் செலவு செய்த ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தாராம். அவர் இல்லாவிட்டால் ஜீப்பே இல்லையாம். அந்த உலகத்தில் அப்படித்தான் வழக்கமாம். தனக்கும் மனவருத்தம்தானாம்.

"அவா கேட்டுக்கொண்டே இருந்தவா ஐயா."

"எப்பிடி இருக்கிறா?"

"இல்லை ஐயா. செத்துப்போனா."

அவர் பேனையை எடுத்து, கையில் இருந்த பேச்சுக் கடதாசியின் பின்பக்கத்தைத் திருப்பிவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அந்தப் பிள்ளையின்ர பேர் என்ன?"

கேட்டாயா மச்சாள்? அந்தக் கேள்வியைக் கேட்டாயா? மூன்று வருடம் பங்குனிக்குப் பங்குனி வந்து, நீ ஊற்றின தேத்தண்ணி குடித்து, நீ காட்டிக் கொடுத்த இலைகளையெல்லாம் கடதாசிக்குள் வைத்து அமத்திக் கொண்டுபோன மனிதர். உன் பேரை வைக்கிறேன் என்று சத்தியம் பண்ணின மனிதர். அந்தப் பேர் என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை! அவருக்கு நீ பிள்ளை. அண்ணருக்கு நீ இஞ்சாரப்பா. எனக்கு நீ மச்சாள். நாங்களும் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. நீ எந்தப் பேருக்காகத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நின்றாயோ, அந்தப் பேர் ஒட்டுசுட்டானைத் தாண்டிப் போகவேயில்லை.

சொல்லாமல் எழும்பி வந்துவிடுவோமா என்று நினைத்தேன். ஆனால் பேர் என்னுடையதல்லவே, ஒளித்து வைக்க. உன் தகப்பன் பேரையும் சேர்த்துச் சொன்னேன். எழுதினார்.

கூட்டத்தில் அந்த ஐயனார் மரத்துக் கதையைத்தான் சொன்னார். நன்றாகச் சொன்னார். கை பட்டுக் கறுத்த காம்பு, பனையோலைக் கட்டு, எல்லாம் வந்தது. எல்லாவற்றையும் "அப்போது எனக்குள் ஒரு எண்ணம் உதித்தது" என்று சொன்னார். பிறகு பெண்கள் பக்கம் கையை நீட்டி, "அன்று எனக்குத் தாகம் தீர்த்த தாய் இன்று இந்தச் சபையில் இருக்கிறா" என்றார். சபை முழுவதும் கை தட்டியது. எனக்கு!

நான் எழும்பினேன்.

"நான் தண்ணிதான் ஐயா தூக்கினனான். மரத்தைக் காட்டினது என்ர மச்சாள்."

"அம்மா, இருங்கோ, இருங்கோ" என்றார் தலைவர். முன்வரிசையில் ஆரோ சிரித்தார்கள்.

"நான் இருக்கிறன். ஐயா கடதாசியை மற்றப் பக்கம் திருப்பட்டும்."

அவர் திருப்பினார். அதை மறைக்க மாட்டேன், திருப்பினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒலிபெருக்கியில் உன் பேரை வாசித்தார். ஒரே ஒரு தரம். பிறகு தண்ணீர் கேட்டார். நான் கொடுக்கப் போகவில்லை.

அடுத்த கிழமை பேப்பரை, விரல் வைத்து வாசிக்கப் பொறுமையில்லாமல், ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். "மாது ஒருவரின் குறுக்கீட்டினால் கூட்டத்தில் சிறிது சலசலப்பு ஏற்பட்டது" என்று இருந்ததாம். உன் பேர் இல்லை. என் பேரும் இல்லை. எனக்குக் கோபம் ஆறவில்லை, மச்சாள். ஆற விடவும் மாட்டேன். உன் மகள் படிக்கிறாள், கையெழுத்து வடிவு. அவளைக் கொண்டு அந்தப் பேப்பருக்கு மாதம் ஒரு காயிதம் எழுதுவிக்கிறேன். இதுவரை பதில் இல்லை. எனக்கு முத்திரை நக்கத் தெரியும், அவர்களுக்கு எத்தனை வருடம் பொறுக்கத் தெரியும் என்று பார்ப்போம்.

ஆனால் உனக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். அந்த ஒலிபெருக்கியில் உன் பேர் விழுந்து, மண்டபத்தையும் தாண்டி வெளியே கடற்கரைப் பக்கம் போனபோது, நான் மேடையைப் பார்க்கவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தேன். கூப்பிட்டால் நீ கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருகிறவள் அல்லவா.