மகாராஜன் அண்ணன் நின்ற கோல்

பிரியமுள்ள ஆத்தாவுக்கு, சென்னையிலிருந்து ராம்பிரசாத் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? ஏலக்காட்டு மழையில் நனைந்துகொண்டே சோலி பார்க்காதே. நான் சுகமாக இருக்கிறேன்.

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்குப் புதுக் கோச் வந்திருக்கிறார். வந்ததுமே சீனியர்களில் பாதிப் பேரை நீக்கிவிட்டு, முதலாமாண்டுப் பையன்களைச் சேர்த்துவிட்டார். விடுதியில் தினமும் இதே சண்டைதான்.

"டீமையே அழிச்சிட்டாருடா" என்றான் கேப்டன் காசிராஜன்.

"தோத்துக்கிட்டே இருந்த டீமுதானே? புதுசா கட்டட்டும்" என்றேன் நான்.

மறுநாள் கோச் என்னையே கோல் கீப்பராக்கினார். மகாராஜன் அண்ணன் இங்கே படித்தபோது நின்ற அதே இடம். அண்ணன் போடிமெட்டில் ஜீப்பு கவிழ்ந்து இறந்தது அவருக்குத் தெரியாது. காசிராஜன்தான் பதறி, "சார், அவன் அங்க வேணாம்" என்றான். நான் போய் நின்றேன்.

பந்து வந்தபோது, "இடது பக்கம் பாருடா அப்பு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பாய்ந்தேன், பந்து கையில் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் வலை மட்டும்தான். இங்கே என்னை அப்பு என்று கூப்பிட யாருமில்லை, ஆத்தா.

பயப்படாதே, வெயில் மயக்கமாக இருக்கும். இடத்தை மாற்றச் சொல்லிக் கோச்சிடம் பேசுவதாகக் காசிராஜன் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன். எனக்கு அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

பருப்புப் பொடி கொஞ்சம் பஸ்சில் போட்டுவிடு. அண்ணனுடைய கையுறையையும் அதோடு வை. விசில் ஊதிவிட்டார்கள், போகிறேன்.

உன் சின்ன மகன்
ராம்பிரசாத்