சில்லென்றிருந்த மருந்து

வைகாசி 9, புதன்.

எங்கள் பழைய ஃபிரிட்ஜில் ஃப்ரீசர் மூடியைச் சாத்தவே முடியாத அளவுக்கு ஐஸ் கட்டிக் கிடந்தது. இன்று அதை ஒழித்தே தீருவது என்று காலையில் சுவிட்சை அணைத்தேன். பாலையும் மாவையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு குண்டா நிறையக் கொதிக்கிற தண்ணீரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். மத்தியானத்துக்குள் ஐஸ் பாளம் பாளமாக விழுந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

தேங்கிய தண்ணீரைக் கொட்டலாமென்று அடியிலிருந்த காய்கறித் தட்டை இழுத்தபோதுதான் கீரைக்கட்டுக்குக் கீழே அந்தப் பொட்டலத்தைப் பார்த்தேன். எங்கள் கோழிப்பண்ணைக் குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கக் கண்ணில் விடும் சொட்டுமருந்து. என் வீட்டுக்காரர் எப்போது கொண்டுவந்து வைத்தாரோ, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது. சூடு பட்டால் வீண் என்று கால்நடை டாக்டர் படித்துப் படித்துச் சொன்ன மருந்து.

பதறிப்போய் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

பொழுது சாய வந்தவர் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார். "நல்லா சில்லுன்னு இருக்குது அம்மிணி. காலைல ஆளுக வாராங்க, நேரத்துலயே சொட்டு உட்டுப்போடலாம்" என்றார்.

"சரிங்க" என்றேன்.

குளிர்ச்சி திரும்பிவிட்டது. மருந்துக்கு உயிர் திரும்பியிருக்குமா? போன தடவை நோய் வந்தபோது இவர் செத்த குஞ்சுகளைக் கூடை கூடையாக அள்ளிப் புதைத்தது கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது இதை எழுதுகிற இடத்திலிருந்தே, படுத்திருக்கிறவரிடம் மெல்ல, "ஏனுங்க, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல, சொல்லு" என்கிறார்.