பதினைந்தாவது சீட்டு

ஜூலை 5, சனி
வெயில். ஆனி முடியப் போகுது, இன்னும் சித்திரை போலவே. சர்ச் ஹாலில் மூணு ஃபேனில் ஒண்ணுதான் சுத்துது.

வாலிபர் வகுப்புக்குப் பதினாலு பேரும் வந்தாச்சு. இந்த மாதப் பாடம்: உண்மை. பயிற்சி அட்டை கொடுத்தேன். கட்டங்கள்: வசனம் மனப்பாடம், வீட்டு வேலையில் உதவி, "செய்த தப்பை நானே போய்ச் சொன்னேன்". கடைசிக் கட்டத்தைப் பார்த்து எல்லார் முகமும் கறுத்தது. கையெழுத்துப் போடுவது நான்.

ரகசிய ஜெப நண்பர் சீட்டும் இன்றைக்கே. வருஷா வருஷம் உள்ளதுதான். யார் பேர் கைக்கு வருதோ அவங்களுக்காக தினமும் ஜெபிக்கணும், வாரம் ஒரு துண்டுக் காகிதமாவது அவங்க கவரில் போடணும், யாருன்னு காட்டிக்கக் கூடாது. 27ஆம் தேதி வாலிபர் ஞாயிறு அன்று குட்டு உடையும். நான் பதிவேட்டைப் பார்த்து பேர் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டேன். கவர்களில் பேர் எழுதி சுவரில் ஒட்டினது ரெபேக்கா. பதினாறு வயசு, வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். "அக்கா, உங்க பேரையும் எழுதிப் போடுங்க. உங்களுக்கு யாரு ஜெபிப்பாங்க?" எழுதினேன். அதுக்குள் ஆயர் கூப்பிட்டார், நாளைக்கான பாட்டு நம்பர் வேணுமாம். திரும்பி வந்தால் டப்பா காலி.

"எனக்கு எங்க சீட்டு?"
"சரியா தீந்துடுச்சுக்கா."

என் பேரை எழுதி, போட மறந்திருப்பேன். போகட்டும்.

தொண்டை கட்டிக்கிட்டது. ஸ்கூலில் 8-பி வகுப்பின் உபயம். அவங்களுக்குக் கணக்கு, இவங்களுக்கு நற்குணம். வாலிபர் வகுப்பு எடுத்துப் பதினொரு வருஷம் ஆச்சு, இந்த வருஷத்தோட போதும்.

ஜூலை 12, சனி
நாலு மணிக்கு மழை, அஞ்சு மணிக்கு வெயில். வாங்க: சார்ட் பேப்பர், கோந்து, அம்மாவுக்கு முட்டி தைலம்.

கவர்கள் உப்பிக்கிட்டு வருது. ஒருத்தன் மயிலிறகு வைத்திருக்கான். ரூபியின் கவர் மட்டும் சப்பை. ரூபி போன மாதம்தான் சேர்ந்தாள். பதினைந்து வயசு. பெரும்பாக்கம் குடியிருப்பு. ரெண்டு பஸ் மாறி தாம்பரம் வருகிறாள், அப்படியும் எல்லாருக்கும் முன்னாடி வந்து நாற்காலி துடைக்கிறாள். இன்று கவருக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் தலைமுடியைச் சரி பண்ணிக்கிட்டாள். முதல் வாரம்தானே, யாரோ சோம்பேறி, அடுத்த வாரம் போடுவாங்க.

வகுப்பு முடிந்து ஆயருக்கு ஹாலில் இருந்தே போன். "இனிமே வேற யாரையாவது பாருங்க ஐயா, எனக்கு முடியல." எழுத்தில் கொடுங்கள் என்றார். சரி.

வெளியே வந்தால் மழையில் நனைந்த ஸ்கூட்டர் சீட்டை யாரோ துடைத்து வைத்திருக்காங்க. முன் பையில் ஒரு கல்கண்டுப் பொட்டலம், கூட நாலு மிளகு. தொண்டைக்கு. வாட்ச்மேன் அண்ணன்தான் இருக்கும். நல்ல மனுஷன்.

ஜூலை 16, புதன்
புழுக்கம். விடைத்தாள் 42 திருத்தியாச்சு. 42இல் 30 பேருக்கு மைனஸ் குறி என்றாலே கோவம்.

ஆயருக்குக் கடிதம் எழுதினேன். ஒரு முழுப் பக்கம். "உடல்நிலை காரணமாக." உடல்நிலைக்கு ஒண்ணுமில்லை. அலுப்பு. யாருக்கும் எதுவும் ஒட்டுவதில்லை என்ற நினைப்பு. கடிதம் கைப்பையில். ஞாயிறு கொடுக்கணும்.

வாட்ச்மேன் அண்ணனை மார்க்கெட்டில் பார்த்தேன். கல்கண்டுக்கு நன்றி சொன்னேன். "நான் வெக்கலையே மா" என்றார். கூச்சம் போல.

ஜூலை 19, சனி
மேகம். மழை இல்லை.

ரூபி வரலை. கவர் அப்படியே காலி. ஏன் வரலை என்று கீர்த்தியைக் கேட்டேன், ரெண்டு பேரும் சிநேகிதம். கீர்த்தி தரையைப் பார்த்துச் சொன்னாள்: "அவ சொன்னாக்கா. 'என் பேரு யாருக்கோ வந்துகீது, அவங்களுக்கு என்னைப் புடிக்கல போல. பரவால்ல வுடு, நான் இனிமே வரல'ன்னு."

வந்ததே கோபம். பதின்மூணு பேரையும் உட்கார வைத்து இருபது நிமிஷம் பிரசங்கம். ஒருத்தருக்குப் பொறுப்பில்லை, ஒரு பிள்ளை மனசு உடைஞ்சிருக்கு, இதுதான் நீங்க கற்ற உண்மையா, அது இது. கீர்த்தி அழுதுட்டாள். அவளை நான் முறைத்தது போல இருந்ததாம். முறைத்தேன்தான். கடைசியில், யார் பேர் வந்தது என்று ஆளுக்கொரு காகிதத்தில் எழுதி என்னிடம் மட்டும் கொடுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். பதின்மூணு காகிதம், பதின்மூணு பேர். ரூபி எதிலும் இல்லை.

பதிவேட்டை எடுத்தேன். முதல் பக்கத்தில் பதின்மூணு வரி. ரூபி போன மாதம் சேர்ந்ததால் பக்கத்தைத் திருப்பி எழுதியிருக்கேன். சீட்டு எழுதும்போது பக்கத்தைத் திருப்பலை.

யாரும் சோம்பேறி இல்லை. நான்தான் அவள் பேரை எழுதவே இல்லை. கணக்கு டீச்சர்.

அப்புறம்தான் உறைத்தது. பதினாலாவது சீட்டு என்னுடையது. டப்பாவில் போட்டுத்தான் இருக்கேன். பதின்மூணு பேரிடமும் அது இல்லை. மிச்சம் யார் கை?

ஸ்கூட்டர் சீட். கல்கண்டு.

தன் கவர் காலியாக இருந்தும் எனக்கு மிளகு எண்ணி வைத்திருக்கிறாள். சமையலறைக்குப் போய் அழுதேன். அம்மா வெங்காயமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இந்த மாதப் பாடம் உண்மை.

ஜூலை 20, ஞாயிறு
காலையில் ஒரு கோழைத்தனம். இடது கையால் ஒரு கார்டு எழுதினேன்: "அன்புள்ள ரூபி, தாமதத்துக்கு மன்னிக்கவும். உன் ரகசிய நண்பர்." அவள் சந்தோஷப்படுவாள், எனக்கும் மானம் மிஞ்சும். ஆராதனை முழுக்க அது பைபிளுக்குள் இருந்தது. முடிந்ததும் கிழித்தேன். ராஜினாமாக் கடிதம் கொடுக்க மறந்தே போச்சு.

மதியம் பெரும்பாக்கம். நாலு மாடி ஏறி மூச்சு வாங்கியது. ரூபியின் அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க. ரூபி கதவைப் பாதி திறந்து, "இன்னாக்கா, நீங்க இங்க?"

நின்னபடியே சொல்லிட்டேன். பக்கம் திருப்பாதது, எல்லாம்.

கதவை விடாமலே கேட்டாள், "அப்ப யாருக்கும் என்னப் புடிக்காம இல்ல?"

"இல்லமா. உன் பேரு யார் கைக்கும் போகவே இல்ல. என் தப்பு."

கதவு முழுசாகத் திறந்தது. தண்ணீர் கொடுத்தாள். "நீங்க கணக்கு டீச்சர்தானக்கா?" என்று சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்தி, "கீர்த்தியத் திட்டினீங்களாம். அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன். என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாள். பதினைந்து வயசுப் பார்வை, தப்பிக்க வழியில்லை.

"எல்லார் முன்னாடியும் சொல்றேன். சனிக்கிழமை."
"அப்ப நானும் வர்றேன்."

ஜூலை 26, சனி
மழை. ஃபேன் ரெண்டு ஓடுது, முன்னேற்றம்.

சொன்னேன். எழுதி வைத்ததைப் படிக்கலாம் என்று நினைத்தேன், கண்ணாடி கலங்கி எழுத்து தெரியலை. கீர்த்தியிடம் பேர் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கீர்த்தி, "பரவால்லக்கா, எங்க அம்மா இதைவிட நல்லா முறைப்பாங்க." எல்லாரும் சிரித்தார்கள்.

ரெபேக்கா எழுந்து ஒரு புது அட்டை எடுத்து என் பேர் எழுதினாள். கடைசிக் கட்டத்தைக் காட்டி, யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டாள். அட்டை ரூபியிடம் போச்சு. பேனாவை உதறி உதறி, நிதானமாகப் போட்டாள்.

இன்னும் ஒரு விஷயம் யாரும் சொல்லலை, நானும் கேட்கலை. நாளைக்கு.

ஜூலை 27, வாலிபர் ஞாயிறு
வானம் கழுவி விட்டது போல. மாலை, மைக், கேசரி எல்லாம் ஆச்சு.

ஆராதனை முடிந்து அவரவர் நண்பர் முன்னால் போய் நிற்கணும். ஒரே அமளி, கட்டிப்பிடி. ரூபி என் முன்னால் வந்து நின்னாள். நானும் அவள் முன்னால்.

"தெரியும்," என்றேன். "எனக்காக என்ன ஜெபிச்ச?"

"தொண்டை சரியாவணும்னு." காலால் தரையைத் தேய்த்தாள். "அன்னிக்கு நீங்க ஆயர்கிட்ட போன்ல பேசுனீங்க இல்ல, நான் சேர் அடுக்கினு இருந்தேன். நீங்க போவக் கூடாதுன்னும் ஜெபிச்சேன். தினிக்கும்."

"நீயே வர மாட்டேன்னு சொன்ன வாரத்திலயுமா?"

"அது வேறக்கா. சீட்டு எடுத்தா செய்யணும் இல்ல."

வீட்டில் கைப்பையைக் கொட்டினேன். கடிதம் மடிப்புக் கலையாமல் இருந்தது. நல்ல கனமான தாள், பின்பக்கம் வெள்ளை. கத்தரிக்கோல் எடுத்தேன். அடுத்த வருஷச் சீட்டுக்கு. பதிவேட்டின் பக்கத்தைத் திருப்பி, முதலில் ரூபி. கடைசியில் என் பேர். எண்ணினேன். பதினைந்து. இன்னொரு தடவை எண்ணினேன். பதினைந்து.